குளிர் தாங்காத மீன்கள்

நுவரெலியா மீன் கடையில் அழகுமுத்து கண்ணாடித் தொட்டிகளைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். தூக்கமில்லாத கண்கள் சிவந்திருந்தன.

"இந்த கோல்ட் பிஷ் நம்ம ஊருக் குளிரத் தாங்குமா, தம்பி?"

"நல்லாத் தாங்கும், அண்ணே. ஹீட்டரே தேவையில்ல," என்றார் கடைக்காரர் மதுரன்.

"அப்ப வேணாம். குளிர் தாங்காத மீனாக் குடுங்க."

மதுரன் சிரித்தார். "உங்களுக்கு மீன் வளக்க ஆசையா, சாகடிக்க ஆசையா? சரி, கப்பி, பிளாட்டி, டெட்ரா எடுங்க. மூணும் சண்ட போடாம ஒண்ணா இருக்கும். ஏஞ்சல் மீன் மட்டும் வேணாம், டெட்ராவ முழுங்கிரும். ஆனா தண்ணிய மட்டும் சூடாக்கினாப் பத்தாது. ராத்திரியில ரூமுக்கும் ஹீட்டர் போடணும். கரண்டு பில்லப் பாத்தா வீட்டுல அண்ணி உங்களத்தான் வெளிய தள்ளுவாங்க."

"வீட்டுக்கு இல்ல, தம்பி. நான் வேல செய்யிற லொட்ஜுக்கு. முன் ஹாலுல தொட்டி வச்சிருக்காங்க, மீன் வாங்கியாரச் சொன்னாங்க. முதலாளியம்மாவுக்கு மீனுன்னா உசிரு. மீனுக்குன்னா ஹீட்டர் போடுவாங்க."

"அங்க உங்களுக்கு என்ன வேல?"

அழகுமுத்து தொட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ராத்திரிக் காவலு. அந்த ஹாலுலதான் விடிய விடிய உக்காந்திருப்பேன். ஒரு ஹீட்டர் கேட்டுப் பாத்தேன். ரெண்டு போர்வையாப் போத்திக்கன்னு சொல்லிட்டாங்க."

மதுரன் வலையைத் தண்ணீருக்குள் விட்டார். மீன்களைப் பையில் போட்டுக் கட்டி நீட்டினார்.

"விடியிற வரைக்கும் ஹாலு ஹீட்டர அணைக்கவே கூடாதுன்னு முதலாளியம்மாகிட்ட சொல்லுங்கண்ணே. நம்பலைன்னா எனக்கு போன் கோல் எடுக்கச் சொல்லுங்க."