கடைசிச் சாவி

அவள் மேசையில் ஒரு சாவி மட்டும் இருந்தது.

காலையில் ஏழு இருந்தன.

புயல் கடந்து மூன்றாம் நாள். மின்கம்பம் ஏறுகிறவர்கள் தங்கள் வீட்டுச் சாவியைத் துணைமின் நிலையத்தில் அவளிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். இறங்கி வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். எல்லாச் சாவியும் போன பிறகுதான் அவள் சுவிட்சைப் போடுவாள்.

அவள் போட்ட விதி அது. சாவி இல்லாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. அதனால் மறக்காது.

ஐந்தரை வரைதான் மருத்துவமனை ஜெனரேட்டருக்கு டீசல்.

மணி ஐந்து இருபது.

"வைரக்கண்ணு சாவிதான். வேலையை முடிச்சிருப்பான் மேடம். போட்டுருவோமா?" என்றார் போர்மேன் குழந்தைவேலு.

அவள் சாவியின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

அவர் பைக்கை எடுத்துக்கொண்டு போனார். செல்போன் கோபுரங்கள் சாய்ந்து கிடந்தன. ஆளைப் போய்த்தான் பார்க்க வேண்டும்.

ஐந்து முப்பத்தொன்று. மேசைத் தொலைபேசி அடித்தது.

"டீசல் தீந்துருச்சு மேடம். வென்டிலேட்டர்ல இருந்த குழந்தைக்குக் கையாலதான் மூச்சு குடுத்துக்கிட்டு இருக்கோம்."

நர்ஸின் குரலுக்குப் பின்னால் யாரோ ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு ஆள் இன்னும் வரணும்மா."

அந்தப் பக்கம் எண்ணுவது நிற்கவில்லை. நர்ஸ் வைத்துவிட்டாள்.

ஐந்து முப்பத்தொன்பது. பைக் வந்தது. பின்னால் வைரக்கண்ணு. தோளில் கயிறு அப்படியே இருந்தது.

நாலரைக்கே இறங்கிவிட்டாராம். நேராக வீட்டுக்குப் போய்த் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தாராம்.

"கதவையே காத்து கொண்டுபோயிருச்சு மேடம். சாவி ஞாபகமே வரல."

யாரும் சிரிக்கவில்லை.

சாவியை அவர் கையில் வைத்தாள். சுவிட்சைப் போட்டாள்.

வயல்களுக்கு அப்பால் மருத்துவமனையின் ஜன்னல்கள் வரிசையாக மஞ்சளாயின.

தொலைபேசியை அருகில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

அது அடிக்கவில்லை.

டீ வந்தது. ஆறியது.

"கரண்டு வந்துட்டா நம்மள யாரு மேடம் தேடுவா?" என்றார் குழந்தைவேலு. அவளைப் பார்க்காமல் சொன்னார்.

அவள் ரிசீவரை எடுத்தாள்.

மருத்துவமனை எண் மனப்பாடம்.

முதல் எண்ணை அழுத்தினாள்.