முதலாம் ஓலை

"இந்தக் கதையை நிறுத்துங்க டீச்சர். சபைப் பத்திரிகையில காதல் எதுக்கு?"

பீர்க்கன்கரணை சபையின் செயலாளர் ஏசுதாசன், கையிலிருந்த தாள்களை மேசையில் போட்டார். எதிரே ஞானசௌந்தரி டீச்சர் நிதானமாக மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற பிறகு சபைப் பத்திரிகைக்கு அவர்தான் ஆசிரியர். அதில் வரும் தொடர்கதையை எழுதுவதும் அவரே. கடைசி அத்தியாயம் இன்றைக்கு அச்சுக்குப் போயாக வேண்டும்.

"போன வருஷம் இந்தப் பத்திரிகையை எத்தனை பேர் படிச்சாங்க தம்பி?"

"அம்பது பேர் இருக்கும்."

"இப்போ முந்நூறு. வண்டலூர்லேருந்தெல்லாம் வந்து கேட்டு வாங்கிட்டுப் போறாங்க."

"அதுக்காக? எழுபது வயசு மனுஷனுக்கும் அறுபத்திரண்டு வயசு அம்மாவுக்கும் காதல்! கேக்கவே கூச்சமா இருக்கு."

"என்ன கூச்சம்? ரெண்டு பேரும் முதல்ல ஜெபம் பண்றாங்க. அப்புறம்தான் காபியே குடிக்கிறாங்க. கடைசியில சேர்ந்துடுவாங்கன்னு படிக்கிற எல்லாருக்கும் தெரியும். ஆண்டவர் எப்படிச் சேர்த்து வைக்கிறார்னு பாக்கத்தான் காத்துட்டு இருக்காங்க."

"ஐயோ, எங்கப்பாவையே கெடுத்து வெச்சிருக்கீங்களே! பத்திரிகையைச் சுருட்டிக்கிட்டு ஏரிக்கரைக்கு வாக்கிங் போறாரு. வரும்போது பாட்டு முணுமுணுக்கிறாரு. அம்மா போனதுக்கப்புறம் ஏழு வருஷமா வாயைத் திறக்காத மனுஷன்!"

"பாடினா நல்லதுதானே?"

ஏசுதாசன் கொஞ்சம் இறங்கி வந்தார்.

"சரி, போட்டுக்கோங்க. ஆனா அந்த ஓலை வாசிக்கிற சீனை எடுத்துடணும்."

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை, ஆராதனையில் மாப்பிள்ளை பெண் பெயரை வாசித்து, யாருக்காவது ஆட்சேபனை உண்டா என்று கேட்பார்கள். அதுதான் ஓலை. இந்தச் சபையில் அறிவிப்புகளோடு அதையும் வாசிப்பது ஏசுதாசன்தான்.

"இந்த வயசுல யாராவது ஓலை கொடுப்பாங்களா? கொடுத்தாலும் நான் வாசிக்க மாட்டேன். சபையே சிரிக்கும் டீச்சர்."

"சிரிக்கட்டும். கதையில வர்ற அந்த அம்மா நாப்பது வருஷமா அடுத்தவங்க ஓலையைக் கேட்டுக்கிட்டே உக்காந்திருந்தவ. ஒரு தடவையாவது அவ பேரை வாசிக்கணும். அதுக்காகத்தான் இந்தக் கதையே எழுதினேன்."

டீச்சரின் குரல் லேசாக நடுங்கியது. ஏசுதாசன் மசியவில்லை.

"அந்த சீன் இருந்தா அச்சுக்குப் போகாது. அவ்வளவுதான்."

டீச்சர் சிவப்புப் பேனாவை எடுத்தார். அந்தப் பக்கத்தைக் குறுக்கே ஒரே கோடாக அடித்தார்.

"அச்சுல வேண்டாம் தம்பி. ஆனா வாசிக்காம நான் விடப்போறதில்ல."

இதென்ன கதைப் பைத்தியமடா சாமி என்று நினைத்துக்கொண்டே ஏசுதாசன் வண்டியை எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. அறிவிப்பு நேரத்தில் போதகர் ஒரு சீட்டை ஏசுதாசன் கையில் கொடுத்தார். எதையும் முன்கூட்டிப் படித்துப் பார்க்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. எப்போதும் போல ரயில் வேகத்தில் ஆரம்பித்தார்.

"முதலாம் ஓலை. இந்தச் சபையைச் சேர்ந்த, மனைவியை இழந்தவரான தேவசகாயம் அவர்களுக்கும், இதே சபையைச் சேர்ந்த, மணமாகாதவரான ஞானசௌந்தரி..."

சீட்டை மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார். கோயிலில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அடுத்த வரி ஆட்சேபனையைப் பற்றியது. அதையும் அவர்தான் வாசிக்க வேண்டும்.

மூன்றாவது வரிசையில் அவருடைய அப்பா தேவசகாயம் எழுந்து நின்றார்.

"சத்தமா வாசிப்பா. பின்னாடி கேக்கல."