செவ்வந்தியின் கீரைக்கட்டு

காலையில் வாசலுக்கு வரும் கீரைக்கட்டை முகர்ந்து பார்த்து வாங்குவதே அறவாழியின் வழக்கம். அவரவர் உடம்புக்கு அன்றன்று வேண்டிய வைட்டமின்கள் அவரவர் கீரைக்கட்டில் தாமாகவே ஏறியிருக்கும். உண்பவர் பெயரும் வைட்டமின் அளவும் மேலே பொறித்திருக்கும். மனைவி செவ்வந்தி கருவுற்றதை அவளுக்கு முன்பே அறிவித்தது கீரைதான். ஃபோலிக் அமிலம் இருமடங்காக வந்தது. மூன்று மாதம் நிறையுமுன் யாரிடமும் சொல்லலாகாது என்றிருந்தனர், தெருவே அறிந்துவிட்டது.

இன்று அவள் கீரைக்கட்டில் ஃபோலிக் அமிலம், கருவுறுமுன் இருந்த பழைய அளவே இருந்தது. அறவாழி திரும்பத் திரும்பப் படித்தான்.

"கட்டு மாறிப்போச்சா, பாக்கியக்கா?"

கீரைக்காரி பாக்கியம் கூடையைக் கிளறினாள். "செவ்வந்தி பேருதான் போட்டிருக்கு, தம்பி. நேத்துவரைக்கும் சரியாத்தானே வந்துச்சு?" என்றவள் அளவைப் படித்ததும் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளிருந்து செவ்வந்தி கூவினாள்: "என்னங்க, வாசல்லயே குடித்தனமா? பருப்பு வெந்தாச்சு, கீரையைக் கொண்டாங்க!"

அவன் படியேறினான், இறங்கினான். கட்டை எங்கே ஒளிப்பதென்று கை தவித்தது. பிறகு அதைப் பாக்கியத்தின் கூடையிலேயே திருப்பி வைத்தான்.

"இத அவளுக்குக் கீரை சொல்ல வேணாம், அக்கா. நானே சொல்லி, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்."