மருமகள் கை ஊசி

"இவ கையால எனக்கு ஊசி வாணாம் மேடம். வேற யாரனா போடட்டும்!"

டயாலிசிஸ் வார்டே திரும்பிப் பார்த்தது. கட்டிலில் சட்டமாகச் சாய்ந்திருந்த கிருஷ்ணம்மா, நீட்டிய கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஊசியும் கையுமாக நின்ற நர்ஸ் கன்னிகாவுக்கு முகம் சிவந்துவிட்டது. வேறு நோயாளி யாராவது சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். சொன்னது சொந்த மாமியார்.

நர்சிங் சூப்பரின்டென்டன்ட் சுமித்ரா பதறிக்கொண்டு வந்தார்.

"ஏம்மா, எப்பவும் கன்னிகாதானே போடறா? இன்னைக்கு என்ன வந்துச்சு?"

"வலிக்குது. வீட்ல கொழம்பு வெச்சா உப்பு, இங்க ஊசி வெச்சா வலி. எத்தினி நாளைக்குத்தான் பொறுத்துக்கினு கெடக்கறது?"

உண்மையில் அந்த வார்டில் கன்னிகாவைப்போல ஊசி போட ஆள் கிடையாது. அதிலும் கிருஷ்ணம்மாவின் நரம்பு ஒளிந்து விளையாடும் ரகம். கண்ணுக்கே தெரியாது. விரலை வைத்துத் துடிப்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கன்னிகா கண்ணை மூடிக்கொண்டு தேடி, ஒரே குத்தில் முடித்துவிடுவாள்.

"அந்தப் புதுப் பொண்ணு பிரித்திகா இருக்குதே, அது போடட்டும்."

"ஐயோ, நானா?" என்றாள் பிரித்திகா. அவள் படிப்பை முடித்து வேலையில் சேர்ந்த புதிது. முதல் குத்து தவறியது. அடுத்ததும் தவறி, அந்த இடம் நீலமாக வீங்கிக்கொண்டது.

"அத்தை, குடுங்க, நான் போடறேன்" என்று கன்னிகா ஓடி வந்தாள்.

"நீ அந்தாண்ட போ!"

இன்னொரு முறை குத்தியதும் ஒருவழியாக ரத்தம் குழாயில் ஏறியது. கிருஷ்ணம்மாவின் கண் கலங்கியிருந்தது. ஆனால் வீம்பு மட்டும் குறையவில்லை.

"பாத்தியா? பூ வெச்சா மாதிரி இருந்துச்சு!" என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"மாமியா ஒடைச்சா மண்கொடம், மருமவ ஒடைச்சா பொன்கொடம்னு சும்மாவா சொன்னாங்க?" என்று பக்கத்துக் கட்டில்காரி முணுமுணுத்தாள்.

அன்று டயாலிசிஸ் முடிந்ததும் சுமித்ரா கிருஷ்ணம்மாவைத் தன் அறைக்கு அழைத்துப் போனார்.

"அம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். வீட்டுச் சண்டையை வீட்டோட வெச்சுக்கோங்க. பெங்களூருக்கும் துபாய்க்கும் நர்சுங்க பறந்துக்கினே இருக்காங்க. இப்பல்லாம் திருமலையில தரிசனம்கூடச் சட்டுனு கெடைச்சிடும், நல்ல நர்ஸ் கெடைக்கறதில்ல. கன்னிகாவும் கோவிச்சுக்கினு போயிட்டா, நான் யாரை வெச்சு இந்த வார்டை நடத்தறது?"

"போனா போவட்டுமே. ஊர் ஒலகத்துல இவ ஒருத்திதான் நர்சா?"

"அப்பா தேவுடா!" என்று சுமித்ரா கையெடுத்துக் கும்பிட்டார்.

அதன் பிறகு ஒவ்வொரு முறையும் இதே கூத்துதான். வந்து படுத்ததும், "பிரித்திகாவைக் கூப்பிடு" என்பாள் கிருஷ்ணம்மா. கன்னிகா தலையைக் குனிந்தபடி அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவாள். பிரித்திகா தடுமாறித் தடுமாறித் தேறினாள். கொஞ்ச நாளில் அவள் விரலும் அந்தத் துடிப்பைத் தானாகக் கண்டுபிடிக்கத் தொடங்கியது.

ஒரு திங்கட்கிழமை காலை, சுமித்ரா கோபமாகக் கிருஷ்ணம்மாவின் கட்டிலுக்கு வந்து நின்றார்.

"இப்ப திருப்தியாம்மா? கன்னிகா ராஜினாமா குடுத்துட்டா. ஜெர்மனிக்குப் போறாளாம். 'எங்க அத்தைக்கே என் கை வேணாம்னா நான் யாருக்காக இங்க இருக்கணும்'னு கேட்டு அழறா. தங்கமான பொண்ணை வெரட்டிட்டீங்களே!"

கிருஷ்ணம்மா இந்த முறை சண்டைக்கு வரவில்லை. மெதுவாகக் கேட்டாள்.

"மேடம், பிரித்திகா இப்ப எனக்கு நல்லா ஊசி போடுதா?"

"ஒரே குத்துல போடறா. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"அவ லீவு போடற நாளைக்குன்னு வேற யாருக்கனா சொல்லிக் குடுப்பாளா?"

"கொடுப்பா. ஏன்?"

கிருஷ்ணம்மா எட்டி சுமித்ராவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த ஜெர்மனி வேலை முன்னாடியே கெடைச்சிடுச்சு மேடம். அந்த ஊர் பாஷையெல்லாம் ராவும் பகலும் படிச்சு பாஸ் பண்ணிச்சு எம்மருமவ. எம்மவன் யோகேஷும் போய் வான்னுதான் சொன்னான். 'எங்க அத்தைக்கு என்னை விட்டா யாராலயும் ஊசி போட முடியாது, நான் வரலை'ன்னு அவ போன்ல சொல்லிக்கினு இருந்ததை இந்தக் காதால கேட்டேன்."

சுமித்ரா திரும்பிப் பார்த்தார். வார்டின் அந்தக் கோடியில் கன்னிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். இதை அவளிடம் போய்ச் சொன்னால் போதும், வார்டின் மிகச் சிறந்த நர்ஸ் எங்கும் போகமாட்டாள்.

கிருஷ்ணம்மா பிடித்த கையை விடவில்லை.

"சொல்லிடாதீங்க மேடம். ஏரோப்ளேன் ஏர்ற வரைக்கும் எம்மேல கோவமாவே இருக்கட்டும். தெரிஞ்சா நின்னுடுவா."