சனிக்கிழமை யாருக்கு?

“இவரை விட்டா வேற யாருங்க லெஜண்ட்?” என்று முதலாளியம்மாவின் மேசையைத் தட்டினான் ஊசி. “டெக்னோ மியூசிக்னா என்னன்னே தெரியாத ஊருக்கு அதைக் காட்டினதே எங்க அத்தான்தான். அவர் படத்தைத்தான் சுவத்துல மாட்டணும்.”

“நீ சும்மா இரு மாப்ள!” என்று பாய்ந்தார் அத்தான். குரல் கனத்துக்காக எல்லோரும் அவரை இடி என்றும், மெலிந்த உடம்புக்காக மச்சினனை ஊசி என்றும்தான் கூப்பிடுவார்கள். “நான் என்னத்தைப் பெருசா கிழிச்சுட்டேன்? போன வருஷம் ஒரே ஒரு மெஷினை வெச்சுக்கிட்டு ஆறு மணி நேரம் ஆட வெச்சானே இவன், இவனுக்குக் குடுங்கம்மா.”

நடன கிளப்புக்கு இது இருபத்தைந்தாவது ஆண்டு. அங்கே இருக்கிற இரண்டே டி.ஜே.க்களில் ஒருவருக்கு டெக்னோ லெஜண்ட் பட்டம், ஆளுயரப் படம், படத்துக்குக் கீழே விளக்கு. அக்காள் கணவரும் மச்சினனும் இப்படி மாறி மாறி விட்டுக்கொடுப்பதைப் பார்த்து முதலாளியம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“எங்க வீட்டுல ஒரு அடி நிலத்துக்கு அண்ணன் தம்பி கோர்ட் ஏறினாங்க. நீங்க என்னடான்னா...” என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுந்தார். “பேசிக்கிட்டிருங்க, வந்துடறேன்.”

வெளியே எலக்ட்ரீஷியன் ஏணி மேல் நின்று, “ஆணி ஒண்ணு போதுமாம்மா?” என்று கேட்டார். “ரெண்டு அடிச்சிடுப்பா. நல்லாத் தள்ளித் தள்ளி அடி” என்றார் முதலாளியம்மா. படம் அவ்வளவு கனமோ என்று நினைத்துக்கொண்டான் ஊசி.

கதவு சாத்தியதும் இருவர் முகத்திலும் இருந்த பாசம் காணாமல் போனது.

“அத்தான், கெஞ்சிக் கேக்கறேன். நீங்களே லெஜண்டாயிடுங்க.”

“ஏன், நீ ஆயேன்!” என்று சீறினார் இடி. “உனக்கு மேல ஒருத்தன் தொங்கறானே, பாத்தியா?”

ஊசியின் தலைக்கு மேல் பழைய லெஜண்ட் ஒருவர் படத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். ஐந்து வருஷத்துக்கு முன்னால் மாட்டியது. மறு வாரமே, ‘லெஜண்ட் எதுக்குங்க நின்னு கஷ்டப்படணும்’ என்று அன்பாக அவரை மெஷினிடமிருந்து பிரித்துவிட்டார்கள். வருஷத்துக்கு ஒருமுறை வந்து கேக் வெட்டிக் கையை ஆட்டிவிட்டுப் போவார். மற்ற நாட்களில் வாஷிங் மெஷின் கடையில், ‘சத்தமே வராது பாருங்க’ என்று வருகிறவர்களுக்கு விளக்கிக்கொண்டிருக்கிறார்.

கூட்டம் குறைந்து ஆட்டம் சனிக்கிழமை ராத்திரி மட்டும் என்றாகிவிட்டதால், அதற்கு இனி ஒரு ஆள் போதும் என்று முதலாளியம்மா சொல்லியிருந்தார். ஒருவர் சம்பளமில்லாத லெஜண்ட், மற்றவருக்குச் சனிக்கிழமை. வேறு எந்த கிளப்பும் இவர்களைச் சீந்துவதாக இல்லை.

“எனக்கு அம்பத்திமூணு வயசுடா. இந்தக் குமிழைத் திருகறதை விட்டா எனக்கு ஒண்ணும் தெரியாது. இனிமே எவன் வேலை குடுப்பான்?”

“எனக்கு மட்டும் என்ன தெரியும் அத்தான்? அடுத்த மாசம் குழந்தை பிறக்குது. அதுக்கு அப்பா லெஜண்டுன்னா பால் வருமா?”

முதலாளியம்மா திரும்பி வந்து உட்கார்ந்ததும் மறுபடி ஆரம்பித்தார்கள். இந்த முறை உயிரைக் கொடுத்துப் பேசினார்கள்.

“அன்னிக்கு கரண்ட் போச்சேம்மா, ஞாபகமிருக்கா?” என்றான் ஊசி. “கூட்டம் கிளம்பப் பாத்துச்சு. அத்தான் மேசையைத் தட்டியே பன்னண்டு நிமிஷம் ஆட வெச்சாரு. கரண்ட் வந்து மெஷினைப் போட்டா ஒரு அடி பிசகலை. மனுஷனாங்க இவரு?”

“அது ஒரு வித்தையா? இவன் தாளத்தை அடியோட எடுத்துட்டு வெறும் இரைச்சலை மட்டும் விட்டான். ஐநூறு பேர் காலும் தானா அந்தத் தாளத்தைப் போட்டுச்சு. எனக்கு அன்னிக்குப் பூரா வயிறு எரிஞ்சுதும்மா, என்னால இது முடியலையேன்னு.” இடி சொன்னதில் அந்த ஒன்று மட்டும் நடிப்பில்லை.

அப்போது அவருடைய போன் அடித்தது. மனைவி. ஊசியின் அக்கா.

“ஏங்க, லெஜண்டுன்னு தம்பி பேரு வந்துடலையே? பிள்ளை பிறக்கற நேரம், அவன் தாங்க மாட்டான். உங்களை நம்பித்தான் இருக்கேன்.”

“ம்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். குமிழ் திருகும் தன் விரல்களை ஒருமுறை பார்த்தார். பிறகு முதலாளியம்மா பக்கம் திரும்பினார்.

“அம்மா, யோசிச்சுப் பாத்தா நான்தான் லெஜண்ட். என் படத்தையே மாட்டிடுங்க. சனிக்கிழமை அவன் இருக்கட்டும்.”

ஊசிக்குப் போன உயிர் திரும்பி வந்தது, கூடவே வெட்கமும் வந்தது. அத்தானின் கையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

முதலாளியம்மா கைக்குட்டையை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தார். ஆளுக்கு ஒரு கையாக இருவர் தோளிலும் வைத்தார்.

“நீங்க ரெண்டு பேரும் பேசினதைக் கேட்டப்புறம், ஒருத்தரை மட்டும் தேர்ந்தெடுக்க எனக்கு மனசு வருமா?” என்றார்.

“ரெண்டு பேருமே லெஜண்ட்தான்!”