ஒன்றுக்கு ஒன்று

"பார்த்தியா கார்லா? ஆறு! நான் எண்ணிட்டேன். ஆறு உடுப்பு அவ காருக்குள்ள போயிடுச்சு!"

நூலகத்து ஜன்னலோரம் நின்று கிசுகிசுத்தாள் லொரெய்ன்.

வெளியே ஹேஸல் டிக்கியை அறைந்து மூடினாள். ஒன்றுமே நடக்காதது போலக் காரைக் கிளப்பிக்கொண்டு போனாள்.

நாளைக்கு, சனிக்கிழமை, இதே நூலகத்தில், பிள்ளைகள் வேஷம் கட்டிக்கொள்ளும் ஹாலோவீன் பண்டிகைக்கான உடை மாற்றுச் சந்தை. மூன்று வருஷமாக லொரெய்ன்தான் நடத்துகிறாள். ஒரு சாயங்காலக் கூத்துக்காகக் கடையில் பிளாஸ்டிக் வேஷம் வாங்கி, மறுநாள் குப்பையில் எறிவது அவளுக்கு அடியோடு பிடிக்காது.

அதனால்தான் இந்த ஏற்பாடு. பிள்ளைக்குச் சின்னதாகிப் போன வேஷத்தை வாசலில் கொடுக்க வேண்டும். உள்ளே போய் வேறொன்றை எடுத்துக்கொள்ளலாம். காசு கிடையாது.

போன வருஷம் மிஞ்சியவற்றைப் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டத்தான் ஹேஸலை உதவிக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

"அவங்களுக்குப் பிள்ளைகுட்டியே கிடையாதே. எதுக்கு எடுத்துட்டுப் போறாங்க?" என்றாள் கார்லா.

"எதுக்கா? இணையத்துல விக்கத்தான். ஸ்கூல் பஸ் ஓட்டுற சம்பளம் பத்தலை போல."

"ச்சே, அப்படி இருக்காது. கேட்டுப் பாரேன்."

"கேக்கத்தான் போறேன். இப்பவே!"

லொரெய்ன் கார் சாவியை எடுத்துக்கொண்டு ஓடி, ஹேஸலின் காரைப் பின்தொடர்ந்தாள்.

அது ஹேஸலின் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. பாலம் தாண்டி, ஆற்றோரம் வசதியில்லாதவர்கள் குடியிருக்கும் டிரெய்லர் வீடுகளின் வரிசைக்குள் நுழைந்தது.

'விலைக்கு வாங்க இங்கேயே ஆள் புடிச்சு வச்சிருக்காளா?' என்று பல்லைக் கடித்தபடி, லொரெய்ன் சற்றுத் தள்ளி நிறுத்தி, கண்ணாடியை இறக்கினாள்.

மூன்றாவது வீட்டு வாசலில் ஹேஸல். கையில் மஞ்சளும் கறுப்புமாக ஒரு தேனீ வேஷம். எதிரே, ஹோட்டல் ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் ஓர் இளம்பெண். அவள் முதுகுக்குப் பின்னால் ஏழெட்டு வயதில் ஒரு சிறுமி எட்டிப் பார்த்தாள்.

"வேண்டாம் ஹேஸல். அந்தச் சந்தைப் பேச்சையே எடுக்காதீங்க" என்றாள் அந்தப் பெண். "போன வருஷம் தெரியாம வெறுங்கையோட போயிட்டேன். 'ஒண்ணு கொடுத்தாத்தான் ஒண்ணு, அதுதான் விதி'ன்னு வாசல்ல நின்ன அம்மா சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டாங்க. அத்தனை பேர் முன்னாடி. எம்பொண்ணு கார்ல ஏறுற வரைக்கும் அழாம வந்தா பாருங்க, அதைத்தான் என்னால தாங்க முடியலை."

கார்க் கதவைத் திறக்கப் போன லொரெய்னின் கை அப்படியே நின்றது.

வாசலில் நின்றது அவள்தான். அந்த முகம் இப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்தச் சிறுமியை அன்று அவள் பார்க்கவே இல்லை.

"அதோட, இந்தத் தேனீ இவளுக்குப் பத்தவும் பத்தாதே" என்றாள் அந்தப் பெண்.

"பத்தாதுதான். இவ போட்டுக்கணும்னு யாரு சொன்னா?"

ஹேஸல் அதை மடித்து அவள் கையில் வைத்தாள்.

"நாளைக்கு வாசல்ல இதைக் கொடுத்துட்டு, எல்லாரையும் போல நிமிர்ந்து உள்ள போங்க. அவளுக்குப் புடிச்சதை அவளே எடுத்துக்கட்டும். நான் கிளம்புறேன், இன்னும் அஞ்சு வீடு இருக்கு."