எதிர்க்கரையில் என்ன பறவை?

தேங்காய்த்திட்டு அலையாத்திக் காட்டில் பறவை பார்க்க வந்த எல்லோரும் மரத்திலிருந்த மீன்கொத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சவரிராயனின் பைனாகுலர் மட்டும், எல்லா ஞாயிறும் போலவே, எதிர்க்கரை வீடுகளின் பக்கம் திரும்பியிருந்தது.

குழுவை அழைத்து வந்த கலையரசிக்கு ஒன்றும் புரியவில்லை.

"சார், பறவை இந்தப் பக்கம் இருக்கு. அங்க என்ன பாக்கறீங்க?"

"இப்பதான் வெளிய வந்துச்சும்மா."

"எந்தப் பறவை?"

அவர் எதிர்க்கரையைக் கைகாட்டினார். குழப்பத்தோடு பைனாகுலரை வாங்கிப் பார்த்தாள். ஓர் இளம்பெண் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

கலையரசிக்குக் கோபம் வந்துவிட்டது. "இந்த வயசுல வெக்கமா இல்ல உங்களுக்கு?"

"என் பொண்ணும்மா அது. நான் வேணாம்னு சொல்லியும் அந்தப் படகுக்காரப் பையனக் கட்டிக்கிட்டா. உன் வாசப்படிய மிதிக்கமாட்டேன்னு மாதா மேல சத்தியம் பண்ணிட்டேன். பாக்கமாட்டேன்னு சொல்லலியே!" குரலைத் தாழ்த்தினார். "நான் வர்றது அவளுக்குத் தெரியாது."

கலையரசி மறுபடி பார்த்தாள். உள்ளே போன பெண் கைக்குழந்தையோடு தண்ணீர் ஓரம் வந்து நின்றாள். நேராக இந்தப் பக்கம் பார்த்து, குழந்தையின் குட்டிக் கையைப் பிடித்து ஆட்டினாள்.

கலையரசி பைனாகுலரைத் திருப்பித் தரவில்லை.

"பாத்தது போதும் சார். நீங்களும் கைய ஆட்டுங்க."